அப்பா பெயரில் போலி ஐடி: கடவுச்சொல்லை மாற்றியும் ஏன் நிற்கவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பெயரும் படமும் வைத்து ஃபேஸ்புக்கில் இன்னொரு கணக்கு முளைத்திருக்கிறது. "அவசரமா ஆஸ்பத்திரி செலவு, ஜிபேல அனுப்புப்பா, நாளைக்குத் தந்துடறேன்" என்று பழைய மாணவர்களிடம் அது பணம் கேட்கிறது. ஒரு மாணவர் 8,000 ரூபாய் அனுப்பியும் விட்டார். வீட்டில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அப்பா தேடினால் அந்தக் கணக்கு கண்ணில் படவே இல்லை, மற்றவர்களுக்கு மட்டும் தெரிகிறது. ஹேக் ஆகிவிட்டதா, பேசாமல் கணக்கையே அழித்துவிடலாமா, மாணவரின் பணத்தை அப்பா திருப்பித் தரவேண்டுமா? இவைதான் கேள்விகள்.

ஹேக் ஆகவில்லை. கணக்கை அழிக்காதீர்கள். பணத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

உங்கள் அப்பாவின் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை, நுழைய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. புரொஃபைல் படத்தைச் சேமித்துக்கொண்டு, பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டி, ஒரு புதுக் கணக்கு தொடங்குவது சில நிமிட வேலை. உண்மையான சரக்கு அதற்கு அடுத்துத்தான் வருகிறது: நண்பர் பட்டியல். நாமாகப் போய் மாற்றாத வரை ஃபேஸ்புக்கில் அது ஊருக்கே திறந்து கிடக்கும். அதைப் பார்த்து வரிசையாக ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள். "பழைய ஐடி ஓப்பன் ஆகல, இதுல வந்திருக்கேன்" என்று ஒரு வரி போட்டால் பாதிப் பேர் ஏற்றுக்கொள்வார்கள். இவ்வளவுக்கும் முன்னால் அவர்கள் செய்யும் முதல் காரியம் உங்கள் அப்பாவை ப்ளாக் செய்வது. அவர் எவ்வளவு தேடினாலும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். "என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே, பசங்க ஏதோ தப்பாகப் பார்த்திருப்பார்கள்" என்று பெரியவர்கள் இரண்டு நாளை வீணாக்குவதும் இதனால்தான்.

நண்பர் பட்டியலைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ஆசிரியர் தினத்தன்று உங்கள் அப்பா ஒரு படம் போட்டிருப்பார், பொதுப் பதிவாக. அதன் கீழே அறுபது, எழுபது கமெண்ட் இருக்கும். "வணக்கம் சார், 98 பேட்ச்", "ஐயா ஆசீர்வாதம் வேண்டும்", "சித்தப்பா சூப்பர்", "மாமா உடம்பு பரவாயில்லையா?" நமக்கு அது வாழ்த்து. மோசடிக்காரனுக்கோ யார் மாணவர், யார் அண்ணன் மகன், யார் மாப்பிள்ளை, யாரிடம் எந்த உரிமையில் கேட்கலாம் என்று எழுதிக் கொடுத்த குறிப்பு. நம் மொழியில் உறவைச் சொல்லாமல் வாழ்த்தவே முடியாது என்பதால் தமிழ்க் கமெண்டுகளில் இந்தத் தகவல் கூடுதலாகவே கொட்டிக் கிடக்கும். கடைசிக் கமெண்டில் உடல்நலக் குறைவு பற்றியும் துப்புக் கிடைத்துவிட்டதா? ஆஸ்பத்திரிக் கதை அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே இந்த மோசடியில் கடவுச்சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை. திருட்டுப் போனது உங்கள் அப்பா மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் மரியாதை. அதைத் திருடத் தேவையானதெல்லாம் யாருக்கு யார் பழக்கம் என்ற விவரம் மட்டும்தான்.

யாருக்கு யார் பழக்கம் என்பது எவ்வளவு பெரிய தகவல் என்பதற்கு ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன். ஒரு ஆளுமைத் தேர்வுச் செயலி ஃபேஸ்புக்கில் திரட்டிய தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் 2018இல் வெடித்தபோது, உலகம் முழுக்க 8.7 கோடிப் பேரின் தகவல் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்தான். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களோ 5.62 லட்சம். மீதிப் பேர் செய்த ஒரே குற்றம், அந்தச் செயலியை நிறுவிய யாரோ ஒருவருக்கு நண்பராக இருந்தது. அதேபோல் 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் தொலைபேசி எண்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. அப்போதும் யாருடைய கடவுச்சொல்லும் உடைக்கப்படவில்லை. போன் எண்ணைக் கொடுத்து நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதி ஒன்று இருந்தது, அதையே தலைகீழாகப் பயன்படுத்தி வாரிக்கொண்டார்கள். அந்த ஓட்டையை 2019இலேயே அடைத்துவிட்டோம் என்றது நிறுவனம். அடைத்தது உண்மைதான், ஆனால் எண்கள் அதற்கு முன்பே வெளியே போய்விட்டன.

சரி, கணக்கை ஏன் அழிக்கக் கூடாது? போலியைப் பற்றிப் புகார் கொடுக்கும்போது "இது யாரைப் போல நடிக்கிறது?" என்று ஃபேஸ்புக் கேட்கும். அதற்குக் காட்ட அசல் கணக்கு இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், அசல் மறைந்த மறுநிமிடம் தேடலில் மிஞ்சுவது போலி மட்டும்தான். "சார் பழைய ஐடியை மூடிட்டாராமே, அப்ப இதுதான் புதுசு போல" என்று ஜனங்கள் தாங்களே காரணம் கற்பித்துக்கொள்வார்கள். மோசடிக்காரன் சொன்ன பொய்யை நீங்களே உண்மையாக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். அப்பா வெறுத்துப்போய் இதையெல்லாம் விட்டு விலகவே விரும்பினால், போலி நீங்கிய பிறகு தாராளமாக விலகட்டும்.

இப்போது செய்யவேண்டியது. அப்பாவின் போனிலிருந்து எதுவும் நடக்காது, அவரைத்தான் ப்ளாக் செய்துவிட்டார்களே. உங்கள் போனில், அல்லது அந்தக் கோரிக்கை வந்த மாணவர் ஒருவரின் போனில், போலிக் கணக்கைத் திறந்து முதலில் அதன் லிங்கை நகலெடுங்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது, ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். லிங்கில் எழுத்துகளால் ஆன பயனர் பெயர் இருந்தால் அதை அவன் நாளையே மாற்றிவிடலாம். நீளமான எண் இருந்தால் அது மாறாது, அதைக் கட்டாயம் குறித்துவையுங்கள். பிறகு பணம் கேட்ட உரையாடல், கொடுத்த யூபிஐ முகவரி அல்லது போன் எண், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட்டுகள். இவை கையில் வந்த பிறகுதான் ரிப்போர்ட் பட்டனைத் தொடவேண்டும். வரிசையை மாற்றிச் செய்து, கணக்கு நீங்கிய பிறகு போலீசில் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள் நிறைய.

ரிப்போர்ட் செய்யும்போது வகை முக்கியம். 'ஸ்பேம்' என்றோ 'தொந்தரவு' என்றோ போட்டால் அது வேறு வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். வேறொருவர் போல நடிக்கும் கணக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, 'என் நண்பர்' என்று குறித்து, அப்பாவின் அசல் கணக்கைக் காட்டுங்கள். நூறு பேர் ரிப்போர்ட் அடித்தால்தான் தூக்குவார்கள் என்று வாட்ஸாப் குழுக்களில் படை திரட்டுவார்கள், அது வீண் வேலை. புகார்களின் எண்ணிக்கையை வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. சரியான வகையில் இரண்டு மூன்று பேர் செய்தால் போதும்.

"எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம், அது வழக்கமாக வருவதுதான். நம் நாட்டில் இதற்கு அடுத்த படி ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய சமூக ஊடக நிறுவனமும் இந்தியாவில் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்கவேண்டும். அந்தரங்கப் படங்கள் குறித்த புகாருக்கு அப்போது 24 மணி நேரக் கெடு வைத்தது அந்த விதி என்பது ஓரளவு பேசப்பட்டது. மின்னணு ஆள்மாறாட்டமும் அதே பிரிவில்தான் வருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவர் புகார் தரவும் அதில் இடமுண்டு, எனவே அப்பாவுக்காக நீங்களே எழுதலாம். எழுதும்போது விதி 3(2)(பி) என்று குறிப்பிடுங்கள், வார்த்தைக்கு எடை கூடும். அங்கும் சரியான பதில் இல்லையென்றால், 2023இல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். எல்லாம் இணையத்திலேயே முடியும், செலவு இல்லை.

இதற்கிடையில் அப்பா தன் சுவரில் ஒரு பதிவு போடட்டும்: "நான் யாரிடமும் பணம் கேட்கவில்லை, என் பெயரில் வந்த புது ஐடியை ஏற்காதீர்கள்." ஆனால் ஃபேஸ்புக் அந்தப் பதிவை எல்லோருக்கும் காட்டாது. பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுக்களில் அப்பாவே பதினைந்து விநாடி பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது நூறு பதிவுகளைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். தலைமையாசிரியர் குரலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

போலியோடு சாட் செய்து திட்டித் தீர்ப்பது ஆத்திரத்துக்கு நல்லது, வேறு பயன் இல்லை. ஏற்கெனவே பேச்சில் இருக்கும் மாணவர் யாராவது "எந்த நம்பருக்கு அனுப்பணும் சார்?" என்று கேட்டுப் பணம் வாங்கும் கணக்கின் விவரத்தைப் பெற்றால் அது சாட்சியம். அதற்கு மேல் போகவேண்டாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

8,000 ரூபாய் அனுப்பிய மாணவருக்கு வருவோம், இங்கேதான் நேரம் முக்கியம். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930க்கு அவர் உடனே கூப்பிடவேண்டும். உங்கள் அப்பா கூப்பிட்டுப் பயனில்லை. பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவருடைய வங்கி விவரமும், யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் அங்கே கேட்பார்கள். அந்தப் பணம் எந்த வங்கிக்குப் போயிருக்கிறதோ அங்கே தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் முடக்கிவைப்பார்கள். மோசடிக்காரர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. கமிஷனுக்கு வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்கில் விழுந்து, அங்கிருந்து இன்னொன்று, பிறகு ஏடிஎம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு மணி நேரத்தில் கூப்பிடுவதற்கும் மறுநாள் கூப்பிடுவதற்கும் மலையளவு வித்தியாசம். கூப்பிட்ட பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்து மூலமாகவும் பதிவு செய்யவேண்டும்.

உங்கள் அப்பாவின் புகார் இதிலிருந்து தனி. அவர் பணம் இழக்கவில்லை, அவர் அடையாளம்தான் திருடப்பட்டது. அதே தளத்தில் நிதி சாராத புகாராகப் பதியலாம், மாவட்டச் சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் இதற்குப் பொருந்தும், இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 319ஆவது பிரிவு. உள்ளூர் ஸ்டேஷனில் "இது எங்க கேஸ் இல்ல, சைபருக்குப் போங்க" என்றால் அது முழுக்கத் தட்டிக்கழிப்பு என்றும் சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரணை நடத்த இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர் வேண்டும். கையெழுத்து வாங்கிய நகல் இல்லாமல் மட்டும் எந்த நிலையத்திலிருந்தும் வெளியே வராதீர்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர்கள், ஐபிஎஸ் அதிகாரிகள் பெயரிலேயே இதே வேலை நடந்திருக்கிறது. "என் நண்பர் சிஆர்பிஎஃப் அதிகாரி, டிரான்ஸ்ஃபர் ஆகிறார், வீட்டுச் சாமான்களை மலிவாகத் தருகிறார்" என்று ஓர் உயர் அதிகாரியின் போலி ஐடியிலிருந்து வரும் சோபா, ஃபிரிட்ஜ் கதை இந்தியா முழுக்கப் பிரசித்தம். கதை மாறும், அடிப்படை அதேதான்: நாம் 'முடியாது' என்று சொல்லக் கூச்சப்படும் ஒருவரின் முகம்.

நீங்கள் இதைப் பற்றிப் பொதுவெளியில் எழுதினால் இன்னொரு கூட்டம் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். "எனக்கும் இப்படி ஆச்சு, இன்ஸ்டாகிராமில் இந்த எக்ஸ்பர்ட்தான் சரிபண்ணிக் கொடுத்தார்" என்று கீழே கமெண்ட் விழும். அதுவும் மோசடிதான், அடிபட்டவரையே மறுபடி அடிப்பது. கூகுளில் தேடினால் கிடைக்கும் 'ஃபேஸ்புக் கஸ்டமர் கேர்' எண்களும் அப்படியே. ஃபேஸ்புக்குக்கு நம்மைப் போன்றவர்கள் கூப்பிட்டுப் பேசும் தொலைபேசி எண் கிடையாது.

இனிமேலுக்கு என்ன செய்வது? நண்பர் பட்டியலை 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். அடுத்து, பழைய பொதுப் பதிவுகள் அத்தனையையும் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. ஆசிரியர் தினக் கமெண்டுகள் அப்போது மறையும். 2020இல் இந்தியாவில் அறிமுகமான புரொஃபைல் பூட்டையும் போடலாம். அது பதிவுகளையும் பெரிய அளவுப் படத்தையும் மறைக்கும், ஆனால் பூட்டிவிட்டோம் என்று நண்பர் பட்டியலை மறந்துவிடாதீர்கள், அதைத் தனியாகப் பாருங்கள். ஒரு குறையும் உண்டு. பொதுவான நண்பர்கள் எப்படியும் தெரிவார்கள், உங்கள் அத்தை தன் பட்டியலைத் திறந்து வைத்திருந்தால் அதில் அப்பாவும் இருப்பார். ஆகவே வீட்டில் ஒருவர் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். யாரென்று தெரியாத ரிக்வெஸ்ட்டை ஏற்றால் பூட்டே வீண், அவன் உள்ளே வந்தாகிவிட்டது.

வாட்ஸாப்பில் டிபியைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். ஃபேஸ்புக் வழி அடைபட்டால் அடுத்து அதே படத்தோடு "இது என் புது நம்பர்" என்று அங்கேதான் வருவார்கள். கண்டவர்கள் குழுக்களில் சேர்ப்பதைத் தடுக்கும் அமைப்பு 2019 முதல் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லோரும் சொல்வது, போடுங்கள். அப்புறம், அப்பாவின் ஃபேஸ்புக்கில் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம் எண் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கைவிட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம், ஓடிபியும் அவருக்கே போகும்.

நிஜமாகவே ஹேக் ஆனால் அறிகுறிகள் வேறு. செய்தி அப்பாவின் அசல் கணக்கிலிருந்தே போயிருக்கும், அவருடைய மெசஞ்சரிலேயே அது தெரியும். அல்லது உள்ளே நுழையவே முடியாது, மின்னஞ்சல் மாற்றப்பட்டதாகத் தகவல் வந்திருக்கும். எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், தெரியாத ஊரோ போனோ இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொல்லுங்கள்: கேட்டவரை நாம் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் எண்ணில் கூப்பிடுவது. வீடியோ காலில் முகத்தைப் பார்த்தால் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரின் முகத்தோடு வாட்ஸாப் வீடியோ கால் வந்தது. பொது நண்பர்களின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார் அந்த 'நண்பர்'. உறவினருக்கு அறுவை சிகிச்சை என்று 40,000 ரூபாய் கேட்டார், இவரும் அனுப்பினார். உடனே இன்னும் 35,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்து பழைய எண்ணில் நண்பரைக் கூப்பிட்டிருக்கிறார். நண்பர் யாருக்கும் போன் செய்யவே இல்லை, காலில் வந்தது செயற்கை நுண்ணறிவில் செய்த முகம். அங்கும் கதையை நம்பவைத்தது அந்தப் பொது நண்பர்களின் பெயர்கள்தான்.

கடைசியாக அந்த 8,000 ரூபாய். சட்டப்படி உங்கள் அப்பாவுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, அவரும் பாதிக்கப்பட்டவர்தான். ஆனாலும் "என் பேரைச் சொல்லித்தானே வாங்கினான்" என்று மனசு கேட்காமல் கொடுக்க நினைப்பார், அந்தத் தலைமுறை அப்படித்தான். கொடுக்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் மாணவர் 1930இல் புகார் பதிந்து அதன் எண்ணைக் கையில் வாங்கிய பிறகு கொடுக்கட்டும். முதலில் கொடுத்துவிட்டால் "பணந்தான் வந்துடுச்சே" என்று அவர் புகாரை விட்டுவிடுவார், பணம் வாங்கிய கணக்கைத் தொடரும் ஒரே நூலும் அறுந்துவிடும். முடக்கிய பணம் பின்னால் மீண்டால் மாணவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அப்படி வந்தால் தனக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதை அப்பா இப்போதே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.